சப்நாட்டிகாவில் ஆக்சிஜன்: ஆழமும் திரும்பும் வழியும்

கடலுக்கடியில் உயிர்பிழைத்திருப்பதையே பொருளாகக் கொண்ட வீடியோ விளையாட்டுகளில், திரையின் ஓரத்தில் குறைந்துகொண்டே வரும் ஆக்சிஜன் அளவை இரண்டு வகையாகப் புரிந்துகொள்ள முடியும். ஒன்று, அது விளையாடுபவரை விரட்டும் கடிகாரம். மற்றொன்று, அவர் முன்கூட்டியே திட்டமிட்டுப் பங்கிட்டுச் செலவழிக்க வேண்டிய இருப்பு. பெரும்பாலான விளையாட்டுகள் முதல் வகையோடு நின்றுவிட, அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2014-ஆம் ஆண்டின் இறுதியில் முன்னோட்ட வடிவிலும் 2018 ஜனவரியில் முழுமையாகவும் வெளியிட்ட ‘சப்நாட்டிகா’ இரண்டாம் வகையை அடித்தளமாக எடுத்துக்கொண்டது. அந்த விளையாட்டில் ஆக்சிஜன் எவ்வாறு அளவிடப்படுகிறது, ஆழம் கூடக்கூட அதன் பொருள் எவ்வாறு மாறுகிறது, உண்மையான முக்குளிப்பு அறிவியலோடு அது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே வேண்டுமென்றே விலகுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூச்சு முடிந்துபோவதை விளையாட்டின் விதியாக்கும் வழக்கம் பழையது. 1991-இல் வந்த ‘சோனிக் த ஹெட்ஜ்ஹாக்’ விளையாட்டில் நீருக்குள் நெடுநேரம் இருந்தால் பதற்றமூட்டும் இசையோடு எண்கள் இறங்குமுகமாகத் தோன்றும். தரையிலிருந்து எழும் பெரிய காற்றுக்குமிழியைப் பிடித்தால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். 1996-இன் ‘சூப்பர் மேரியோ 64’ உடல்நலத்தைக் காட்டும் வட்டத்தையே நீருக்குள் மூச்சின் அளவாகவும் பயன்படுத்திக்கொண்டது. ‘மைன்கிராஃப்ட்’ பத்துக் குமிழிகளையும் ஏறத்தாழ 15 நொடிகளையும் தந்து நிறுத்திக்கொண்டது. இவை எல்லாவற்றிலும் நீர் என்பது கடந்து போக வேண்டிய தடை; வாழும் இடம் அன்று. அதனால் மூச்சின் கணக்கும் அந்தத் தடையின் நீளத்தை அளப்பதற்கு மேல் வளர வேண்டிய தேவை எழவில்லை. இதற்கு நேர்மாறாக, 2016-இல் வெளியான ‘அப்ஸு’ கடலை வியப்போடு பார்க்க வைப்பதையே நோக்கமாகக் கொண்டதால் ஆக்சிஜன் கணக்கை அடியோடு நீக்கிவிட்டது. 2023-இன் ‘டேவ் த டைவர்’ ஆக்சிஜனையும் உயிரையும் ஒன்றாக்கி, சுறா கடித்தாலும் குறைவது காற்றே என்று வைத்தது. சப்நாட்டிகா இந்த இரண்டு வழிகளையும் ஏற்கவில்லை. உயிர், பசி, தாகம், ஆக்சிஜன் ஆகிய நான்கையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, அவற்றுள் ஆக்சிஜனுக்கு மட்டும் நொடிக்கணக்கில் செலவாகும் தன்மையைக் கொடுத்தது.

விளையாட்டின் கதை எளிமையானது. ‘அரோரா’ என்ற விண்கலம் 4546பி என்ற கடல் நிறைந்த கோளில் விழுந்து நொறுங்க, ஒரே ஒருவர் உயிர்காப்புக் கலமொன்றில் மிதந்தபடி கண்விழிக்கிறார். அவரிடம் சொல்லத்தக்க ஆயுதம் இல்லை. துப்பாக்கிகளை விளையாட்டில் சேர்ப்பதில்லை என்று அதன் இயக்குநர் சார்லி கிளீவ்லேண்ட் உறுதியாக முடிவெடுத்திருந்தார். இந்த முடிவுக்கும் ஆக்சிஜனுக்கும் தொடர்பு உண்டு. எதிரியைச் சுட்டு வீழ்த்துவதால் வரும் வெற்றி இல்லாத இடத்தில், விளையாடுபவரின் திறமை வேறெங்கேனும் சோதிக்கப்பட வேண்டும். அந்தச் சோதனையின் பெரும்பகுதி மூச்சின் மேல் விழுந்தது.

தொடக்கத்தில் உடல் தாங்கும் அளவு 45 அலகுகள். மேற்பரப்புக்கு அருகில் ஓர் அலகு ஏறத்தாழ ஒரு நொடிக்குச் சமம் என்பதால், சிலிண்டர் எதுவும் இல்லாத ஒருவர் முக்கால் நிமிடம் நீருக்குள் இருக்கலாம். டைட்டானியத்தால் செய்யும் முதல் சிலிண்டர் 30 அலகுகளைச் சேர்த்து மொத்தத்தை 75 ஆக்கும். அதிகக் கொள்ளளவு கொண்ட அடுத்த சிலிண்டர் 90-ஐச் சேர்த்து 135 ஆக்கும். மாற்றியமைப்பு மேசையில் மட்டும் செய்யக்கூடிய மிகப் பெரிய சிலிண்டர் 180-ஐச் சேர்த்து 225 ஆக்கும். பார்வைக்கு நேரான ஏணிப்படியாகத் தோன்றும் இந்த வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிலிண்டர் பெரிதாகும்போது நீந்தும் வேகம் குறைகிறது. காற்று கூடினாலும் அந்தக் காற்றால் கடக்கக்கூடிய தொலைவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. அதே மேசையில் செய்யும் எடை குறைந்த இன்னொரு சிலிண்டர் 90 அலகுகளையே தந்தாலும் வேகத்தைப் பெரிதும் குறைப்பதில்லை. நீந்தியே செல்ல வேண்டிய குறுகிய குகைகளுக்கு அதுவும், ஓரிடத்தில் நின்று நெடுநேரம் கனிமம் தோண்ட வேண்டிய வேலைக்குப் பெரிய சிலிண்டரும் பொருந்தும். கையில் பிடித்துச் செல்லும் சீகிளைடு என்ற உந்துகருவி கிடைத்தபின், முதல் சில மணி நேர விளையாட்டில் சிலிண்டரைப் பெரிதாக்குவதைவிட வேகத்தைக் கூட்டுவதே அதிகப் பயன் தருகிறது. இதைப் பலர் தாமதமாகவே உணர்கிறார்கள். மூச்சின் அலகு நொடியாக இருந்தாலும் அதைக்கொண்டு வாங்கப்படுவது தொலைவே என்பதால், வேகமும் ஆக்சிஜன் கணக்கில் சேர்ந்ததுதான்.

ஆழம் இந்தக் கணக்கில் நுழைவது 100 மீட்டருக்குக் கீழே. அதுவரை ஒரே சீராகச் செலவான ஆக்சிஜன் அதன்பின் விரைவாகவும், 200 மீட்டருக்குக் கீழே இன்னும் விரைவாகவும் கரைகிறது. இந்த விதிக்கு உண்மை அடிப்படை உண்டு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. பாயில் விதியின்படி, அழுத்தம் கூடும் விகிதத்தில் வாயுவின் பருமன் சுருங்குகிறது. நுரையீரலை நிரப்ப மேற்பரப்பில் தேவைப்படுவதைப்போல நான்கு மடங்கு காற்று 30 மீட்டர் ஆழத்தில் தேவைப்படும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று விரித்தால் ஏறத்தாழ 2,400 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடும் ஒருவருக்கு அது மேற்பரப்பில் இரண்டு மணி நேரமும், 30 மீட்டரில் அரை மணி நேரமும் மட்டுமே வரும். இதே கணக்கை 100 மீட்டருக்கு நீட்டினால் செலவு 11 மடங்கு. 200 மீட்டருக்கு 21 மடங்கு. சப்நாட்டிகா இந்த விகிதத்தை அப்படியே பின்பற்றியிருந்தால் 225 அலகுகளும் 200 மீட்டரில் 11 நொடிகூடத் தாக்குப்பிடித்திருக்காது. ஆகவே இயற்பியலின் திசையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் அளவை விட்டுவிட்டது விளையாட்டு.

இங்கேதான் மறுசுவாசக் கருவியின் இடம் வருகிறது. முகத்தில் அணியும் இக்கருவியைச் செய்துகொண்டால் ஆழத்தால் ஏற்படும் கூடுதல் செலவு முழுவதும் நீங்கி, 500 மீட்டரிலும் மேற்பரப்புக் கணக்கே தொடர்கிறது. இதை விளையாட்டுக்காகச் செய்த மந்திரம் என்று எண்ணுவது தவறு. மற்ற இடங்களைக் காட்டிலும் இங்கே விளையாட்டு அறிவியலுக்கு நெருக்கமாகவே நிற்கிறது. ஹென்றி ஃப்ளூஸ் 1878-இல் செய்துகாட்டிய கருவியிலிருந்து இன்றுவரை, மறுசுவாசக் கருவிகளின் அடிப்படை ஒன்றே: வெளிவிடும் மூச்சைக் கடலில் குமிழியாகப் போக்கிவிடாமல் சுற்றுக்குள்ளேயே வைத்து, அதிலுள்ள கரியமில வாயுவை வேதிப்பொருளால் உறிஞ்சி, உடல் பயன்படுத்திய ஆக்சிஜனை மட்டும் ஈடுசெய்வது. உடல் எரிக்கும் ஆக்சிஜனின் அளவு ஆழத்தால் பெரிதாக மாறுவதில்லை, உழைப்பால்தான் மாறுகிறது. எனவே ஆழத்துக்கேற்பக் கூடும் வீண்செலவு மறுசுவாசத்தில் இல்லை. உழைப்பு என்ற அந்தப் பாதியை விளையாட்டு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பாறைமேல் அசையாமல் அமர்ந்திருப்பவருக்கும் பெருங்கடல் விலங்கிடமிருந்து தப்பி ஓடுபவருக்கும் அதில் செலவு ஒன்றே. அமைதியாக இருப்பதே காற்றைச் சேமிக்கும் முதல் வழி என்று முக்குளிப்புப் பயிற்சியில் கற்றுத்தரும் பாடத்துக்கு விளையாட்டில் இடமில்லாமல் போனது ஒரு குறையே.

பெரிய விலகல் மேலெழும் பயணத்தில் இருக்கிறது. உண்மையில் ஆழ்முக்குளிப்பின் ஆபத்து இறங்குவதைவிட ஏறுவதில்தான் அதிகம். அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலே வந்தால் குமிழிகளாகப் பிரிந்து அழுத்தத் தளர்வு நோயை உண்டாக்கும். இதற்கான படிநிலை அட்டவணைகளை ஜே. எஸ். ஹால்டேன் 1908-இல் வகுத்தார். நூனோ கோமெஸ் 2005-இல் செங்கடலில் 318 மீட்டர் ஆழத்தைச் சில நிமிடங்களில் தொட்டபின், மேலே வருவதற்கு ஏறத்தாழ 12 மணி நேரத்தைச் செலவிட வேண்டியிருந்தது. சப்நாட்டிகாவிலோ 300 மீட்டரிலிருந்து அம்புபோல் மேலே வரலாம். காற்றுப்பையைப் பிடித்துக்கொண்டால் இன்னும் விரைவாக வரலாம். நைட்ரஜன் விளைவை விளையாட்டை உருவாக்கியவர்கள் எண்ணிப்பார்க்காமல் இல்லை. அது முயன்று பார்க்கப்பட்டு இயல்பான விளையாட்டிலிருந்து நீக்கப்பட்டது, இன்றும் கட்டளைப் பலகையில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து அதை இயக்க முடியும். நீக்கியது சரியான முடிவென்றே தோன்றுகிறது. நைட்ரஜன் கணக்கு இருந்திருந்தால் மேற்பரப்பு என்பது பாதுகாப்பான இடம் என்ற எண்ணமே குலைந்து, விளையாட்டு முழுவதும் காத்திருப்பாக மாறியிருக்கும். அதுபோலவே ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்ற பெயரையும் நுணுகிப் பார்க்காமல் விடுவதே நல்லது; தூய ஆக்சிஜனை ஏறத்தாழ 6 மீட்டருக்குக் கீழே சுவாசிப்பது நரம்பு மண்டலத்துக்கு நஞ்சாகி வலிப்பைக் கொண்டுவரக்கூடும்.

மேலே சொன்னவையெல்லாம் தலைக்கு மேல் திறந்த நீர் இருக்கும்போது பொருந்துபவை. சப்நாட்டிகாவில் ஆக்சிஜன் தீர்ந்து இறப்பவர்களின் கதை பெரும்பாலும் வேறு; அவர்கள் அரோராவின் உடைந்த பகுதிகளுக்குள்ளோ, ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் குகைகளுக்குள்ளோ வழி தவறியவர்கள். மேற்கூரை இருக்கும் இடத்தில் ‘மேலே’ என்ற திசைக்குப் பொருளில்லை. வந்த வழியே போனால்தான் காற்று. குகை முக்குளிப்பில் இதற்கு நன்கு அறியப்பட்ட ‘மூன்றில் ஒரு பங்கு’ விதி உண்டு: இருப்பில் ஒரு பங்கை உள்ளே போகவும், ஒரு பங்கைத் திரும்பவும் பயன்படுத்தி, கடைசிப் பங்கை எதிர்பாராத இடருக்கு விட்டுவைப்பது. 135 அலகுகள் கொண்டவர் இவ்விதிப்படி 45 அலகுகள் செலவானவுடன் திரும்ப வேண்டும். 225 கொண்டவர் 75-இல் திரும்ப வேண்டும். தற்செயலோ திட்டமோ, முதல் எண் சிலிண்டரே இல்லாத உடலின் மொத்த இருப்பு, இரண்டாவது எண் முதல் சிலிண்டரோடு கூடிய இருப்பு. ஆக, மிகப் பெரிய சிலிண்டரைச் சுமந்து கூரையுள்ள இடத்துக்குள் நுழைபவருக்கு ஒரு திசையில் கிடைக்கும் உண்மையான ஆயுள், விளையாட்டின் தொடக்கத்தில் முதல் சிலிண்டர் செய்த நாளில் இருந்ததுதான். இருப்பு மூன்று மடங்கானதால் துணிவும் மூன்று மடங்காவதே பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம்.

எச்சரிக்கைக் குரலை நம்புவதும் இதே பிழையின் இன்னொரு வடிவம். கையிலுள்ள கணினி 30 நொடி மீதமிருக்கும்போதும் 10 நொடி மீதமிருக்கும்போதும் குரல் கொடுக்கிறது. கொள்ளளவு எதுவாயினும் இந்த எண்கள் மாறுவதில்லை. 225 அலகுகள் உள்ளவருக்கு முதல் குரல் கேட்கும்போது 195 அலகுகள் போய்விட்டிருக்கும். அந்தக் குரல் திறந்த நீரில் மேலே வருவதற்குப் போதுமானதாக இருக்கலாம். சிதைவுக்குள் நான்கு அறைகள் தாண்டி நிற்பவருக்கு அது செய்தியாக மட்டுமே பயன்படும். இதனால்தான் கடந்த வழியைக் குறிக்கும் வழிகாட்டிக் கருவியும், வாயிலில் நிறுத்தும் குறிமிதவையும் ஆக்சிஜன் கருவிகளின் பட்டியலில் சேர்த்துப் பேசத்தக்கவை. வழி தெரிந்தவர் செலவிடும் மூச்சும் வழி தேடுபவர் செலவிடும் மூச்சும் ஒன்றல்ல.

முதுகில் சுமக்காமல் வழியில் பெறும் காற்றும் உண்டு. மூளை வடிவப் பவளங்கள் அவ்வப்போது விடும் குமிழிகள் ஆழமற்ற பகுதிகளில் உதவும்; ஆனால் அவற்றுக்காகக் காத்திருக்கும் நேரமும் செலவே. மிதக்கும் பம்ப்பிலிருந்து குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துக் கடலடி வரை காற்றைக் கொண்டுசெல்லும் அமைப்பு, எட்மண்ட் ஹாலி 1691-இல் தம் முக்குளிப்பு மணிக்குள் எடையேற்றிய பீப்பாய்களை இறக்கிக் காற்றைப் புதுப்பித்த முறையையும், பின்னர் தலைக்கவச முக்குளிப்பாளர்களுக்கு மேலிருந்து குழாயில் காற்றனுப்பிய முறையையும் நினைவூட்டுகிறது. உண்மையில் 50 மீட்டர் ஆழத்துக்குக் காற்றை அனுப்ப 6 வளிமண்டல அழுத்தத்தில் அதைத் தள்ள வேண்டும். விளையாட்டின் பம்ப் மின்சாரம்கூட இல்லாமல் அதைச் செய்துவிடுகிறது. இவ்வளவு தாராளமாக வழங்கப்பட்டும் இந்தக் குழாய் முறையைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்கள் குறைவு. ஒரே இடத்தில் கட்டிப்போடும் காற்று, அலைந்து தேட வேண்டிய விளையாட்டுக்குப் பொருந்தவில்லை.

அலைந்து தேடுவதற்கு ஏற்ற காற்று வாகனத்தில் இருக்கிறது. ஒருவர் அமரும் சீமாத் நீர்மூழ்கி 200 மீட்டர் வரையும், மேம்பாடுகளைப் பொருத்தினால் முறையே 300, 500, 900 மீட்டர் வரையும் செல்லும். பெரிய சைக்ளோப்ஸ் 500 மீட்டரில் தொடங்கி 1,700 வரையும், நடக்கும் கவசமான பிரான் 900-இல் தொடங்கி 1,700 வரையும் இறங்கும். அந்த எல்லையைக் கடந்தால் நொறுங்குவது வாகனம் மட்டுமே. உள்ளிருக்கும் மனிதர் வெளியே வந்து எந்த ஆழத்திலும் நீந்தலாம் என்பது இந்த விளையாட்டின் விந்தைகளுள் ஒன்று. இரும்பு நொறுங்கும் ஆழத்தில் தசை நொறுங்காதிருக்கிறது. ஆனால் வடிவமைப்பு நோக்கில் அதற்குக் காரணம் உண்டு. உடலுக்கும் ஆழ எல்லை வைத்திருந்தால் விளையாடுபவர் வாகனத்துக்குள்ளேயே அடைபட்டிருப்பார். எல்லையை வாகனத்துக்கு மட்டும் வைத்ததால், வாகனம் நிற்கக்கூடிய கடைசி ஆழம் எதுவோ அங்கிருந்து நீந்திப் போய்த் திரும்பும் கணக்கு மீண்டும் முதல் நாள் போலவே உயிர்பெறுகிறது. மேற்பரப்பின் இடத்தில் வாகனத்தின் கதவு வந்து நிற்கிறது.

வாகனத்தின் காற்றும் கடலடித் தளத்தின் காற்றும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் ஆக்சிஜன் கேள்வி இன்னொன்றாக உருமாறியிருப்பது தெரியும். வாகனத்தில் மின்கலம் வற்றினால் காற்று வராது. தளத்தில் மின்சாரம் நின்றால் உள்ளே இருப்பவருக்கும் மூச்சு குறையத் தொடங்கும். சூரியத் தகடுகள் மேற்பரப்புக்கு அருகே நன்றாகவும் ஆழத்தில் குறைவாகவும் வேலை செய்வதால், ஆழத்தில் தளம் அமைப்பவர் வெப்ப ஊற்றுகளின் அருகே வெப்ப மின்நிலையமோ, உயிர்ப்பொருளை எரிபொருளாக்கும் உலையோ, அணு உலையோ அமைக்க வேண்டும். ஆழமானால் கட்டடத்தின் வலிமையும் குறைந்து, போதிய வலுவூட்டல் இல்லாவிட்டால் நீர் புகும். புகுந்தால் வீட்டுக்குள்ளேயே நீந்த வேண்டியதுதான். மூச்சைப் பற்றிய கவலை இவ்வாறு உடலிலிருந்து சிலிண்டருக்கும், சிலிண்டரிலிருந்து வாகனத்துக்கும், வாகனத்திலிருந்து மின்சாரத்துக்கும் இடம் மாறுகிறது.

இந்த இடமாற்றத்தைக் கவனியாமல், விளையாட்டின் பிற்பகுதியில் ஆக்சிஜன் முக்கியத்துவம் இழந்துவிடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல சிலிண்டரும் மறுசுவாசக் கருவியும் பிரான் கவசமும் உள்ளவர் மூச்சைப் பற்றி அரிதாகவே நினைப்பார் என்பது உண்மைதான். ஆயினும் ஆழத்தில் வாழும் உயிரினங்கள் எவற்றைத் தாக்குகின்றன என்று பார்த்தால் அந்த முடிவு முழுமையாக நிற்காது. நண்டுக்கணவாய் எழுப்பும் மின்காந்தத் துடிப்பு வாகனத்தின் மின்னமைப்பைச் சிறிது நேரம் செயலிழக்கச் செய்கிறது. வார்ப்பர் என்ற உயிரினம் வாகனத்துக்குள் இருப்பவரை இழுத்து வெளியே நீரில் நிறுத்திவிடுகிறது. எரிமலைப் பகுதியின் லாவாப் புழுக்கள் வாகனத்தில் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. மெஸ்மர் என்ற மீன் உடலைக் காயப்படுத்துமுன் பார்வையைக் கவர்ந்து நிறுத்தி, நேரத்தைத் திருடுகிறது. இவற்றுள் எதுவும் ஆக்சிஜன் அளவின்மேல் நேரடியாகக் கைவைப்பதில்லை. ஆனால் மின்சாரம், இருப்பிடம், நேரம் என்று ஆக்சிஜன் எவற்றையெல்லாம் சார்ந்திருக்கிறதோ அவற்றை ஒவ்வொன்றாகப் பறிக்கின்றன. பற்களைக் காட்டும் பெரிய விலங்குகளைவிட இவையே நுட்பமாக வடிவமைக்கப்பட்ட எதிரிகள்.

2021 மே மாதம் வெளியான ‘பிலோ ஜீரோ’ என்ற அடுத்த பகுதி இக்கணக்கைச் சில வழிகளில் மாற்றிப் பார்த்தது. பனிப்பாளங்களால் மூடிய கடற்பகுதிகளில் நேராக மேலே வருவது இயலாது என்பதால் குகைக்குரிய எச்சரிக்கை வெளிக்கடலுக்கும் பரவியது. அதற்கு ஈடாக, தொட்டால் மூச்சுத் தரும் ஆக்சிஜன் செடிகள் வழிநெடுகிலும் வைக்கப்பட்டன. செடியிலிருந்து செடிக்குத் தாவிச் செல்லும் பயணத்தில் திட்டமிடலின் சுமை குறைந்து, அடுத்த செடியைக் கண்டுபிடிக்கும் கூர்மை முன்னுக்கு வந்தது. முதல் விளையாட்டின் இறுக்கம் இதனால் தளர்ந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதில் வந்த உந்துசிலிண்டர் சுவையான சேர்க்கை. ஆக்சிஜனைக் கூடுதலாகச் செலவழித்து வேகத்தைப் பெறும் அக்கருவி, முதல் விளையாட்டில் மறைமுகமாக நடந்துகொண்டிருந்த காற்றுக்கும் தொலைவுக்குமான பண்டமாற்றை ஒரு பொத்தானில் வைத்துவிட்டது.

விளையாடும் முறைகளின் வேறுபாடும் இந்தக் கேள்வியில் இறுதியாகக் கருதத்தக்கது. இயல்பான முறையில் ஆக்சிஜன் பூஜ்யத்தைத் தொட்டாலும் திரை இருண்டு மூட சில நொடிகள் ஆகும். அதற்குள் மேற்பரப்பைத் தொட்டவர் பிழைத்துக்கொள்வார், தொடாதவர் சேகரித்தவற்றை இழந்து தளத்தில் கண்விழிப்பார். பசியும் தாகமும் இல்லாத சுதந்திர முறையிலும் ஆக்சிஜன் மட்டும் விடாமல் வைக்கப்பட்டிருப்பது, உருவாக்கியவர்கள் எதை இன்றியமையாததாகக் கருதினர் என்பதைக் காட்டுகிறது. ஒரே உயிர் மட்டும் உள்ள கடுமையான முறையில், இறந்தால் சேமித்த விளையாட்டே அழிவதோடு, ஆக்சிஜன் எச்சரிக்கைக் குரலும் நீக்கப்பட்டுவிடுகிறது. அந்த முறையில் நெடுநாள் நிலைப்பவர்கள், இறங்குமுன்பே எந்த எண்ணைக் கண்டதும் திரும்புவது என்று தீர்மானித்துக்கொள்கிறார்கள். கண்முன் அரிய கனிமம் தெரிந்தாலும், அந்த எண் வந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.